±3 டெசிபலுக்குள் இருக்கும் இதம்

ஒலிபரப்பு வேனின் குறுகிய இடத்துக்கென்று 1970களில் பி.பி.சி. பொறியாளர்கள் வடிவமைத்த சிறிய ஸ்பீக்கர் எல்.எஸ்.3/5ஏ. ‘வார்ம் சவுண்ட்’ எனப்படும் இதமான ஒலி பற்றிப் பேச்சு எழுந்தால் இன்றும் இதன் பெயர் அடிபடும். இதன் அளவுகளைச் சுருக்கினால் ஒரே வரிதான்:

“மூடிய பெட்டி; 12 மி.மீ. பிளைவுட், 70 முதல் 20,000 ஹெர்ட்ஸ், ±3 டெசிபல், 15 ஓம்.”

மூடிய பெட்டி: கொள்ளளவு ஏறக்குறைய 5 லிட்டர். அடைபட்ட காற்று, தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஊஃபரின் கூம்பை ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளுவதால் ஆழமான பேஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும். அப்படித் தேயுமுன், 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, ஒலி லேசாக மேடேறும். ஆண் குரலின் அடித்தளம் அங்கேதான்; குரல் நிறைவாகக் கேட்பதற்கு இது முதல் காரணம்.

12 மி.மீ. பிளைவுட்: மரம் பாடுவதால் இதம் வருகிறது என்பார்கள். இங்கே மரத்தை வாயடைக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். மெல்லிய பலகையின் உட்புறம் தார்ப் பட்டைகளை ஒட்டினார்கள். பலகையின் அதிர்வு, காதுக்கு அவ்வளவாக உறைக்காத தாழ்ந்த பகுதிக்கு இறங்கி அடங்கியது.

±3 டெசிபல்: இந்த வரியின் உயிர்நாடி இதுதான். 70 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியின் அளவு இந்த எல்லைக்குள்தான் ஏறி இறங்கும் என்று பொருள்; +3க்கும் -3க்கும் இடையே 6 டெசிபல் இடைவெளி. ஒரு ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் ஏறி, 3,000 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் இறங்கலாம். இன்னொன்று நேர்மாறாக இருக்கலாம். தாளில் இரண்டுக்கும் ஒரே எண். முன்னது இதமாகக் கேட்கும். பின்னதில் வயலின் வில்லின் உரசல் காதைக் குத்தும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அங்கே சிறு மிகையும் உறுத்தும்.

15 ஓம்: இது ஸ்பீக்கரின் மின்மறுப்புக்கான பெயரளவு எண். மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். பேஸ் பகுதியில் ஓரிடத்தில் வெகுவாக உயரும். பல வால்வு ஆம்ப்ளிஃபையர்களின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம் என்பதால், அந்த இடத்தில் ஸ்பீக்கருக்குக் கூடுதல் மின்னழுத்தம் போய்ச்சேரும். பேஸ் தடிக்கும். வால்வுக்குக் கிடைத்த ‘வார்ம்’ பெயரில் ஸ்பீக்கருக்கும் பங்குண்டு.

ஆகவே இதம் என்பது சில டெசிபல்களின் ஏற்ற இறக்கம். ஸ்பீக்கர் வாங்கும்போது எண்ணோடு நிற்காமல் அதிர்வெண் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பி.பி.சி. பொறியாளர்கள் நேரில் பேசும் குரலையும் ஸ்பீக்கரில் வரும் அதே குரலையும் மாற்றி மாற்றிக் கேட்டே தீர்ப்புச் சொன்னார்கள். உங்களுக்கு நன்கு பழகிய ஒருவரின் குரல்பதிவை எடுத்துச் செல்லுங்கள். அந்தக் குரல் தடித்தாலும் மெலிந்தாலும் உங்கள் காது உடனே சொல்லிவிடும்.