ஒரு ஏசி பில்லுக்குள் தொண்ணூறு வருட வரலாறு

இந்த எபிசோடு ஒரு பில்லில் இருந்து தொடங்குகிறது. மொத்தத் தொகை 569 டாலர்.

2022 கோடையில் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் டெக்சாஸில் இருந்தேன். வார இறுதி வந்தால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். சின்ன ஊர், 2006இல் கட்டிய வீடு. ஒரு ஜூலை சனிக்கிழமை, வெளியே 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போது, ஏசி குளிரே இல்லாமல் வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. அக்காவின் குழந்தைக்கு அப்போது நாலு மாசம். அன்று ராத்திரி வீட்டில் யாருமே தூங்கவில்லை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், முதலில் போன் போட்டது போன வருஷம் வந்த ஆளுக்குத்தான். லைசென்ஸ் கிடையாது. ரொக்கமாக 150 டாலர் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கேஸ் ஏற்றிவிட்டுப் போய்விடுவார். இந்த முறை அவர் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல், இருபக்கமும் லைசென்ஸ் எண் எழுதிய வேனோடு ஒரு கம்பெனி ஆள் திங்கட்கிழமை வந்தார். முக்கால் மணி நேரம் தேடி, அவுட்டோர் யூனிட்டின் வால்வுக்குள் இருந்த ஒரு சின்ன பின் லீக் ஆவதைக் கண்டுபிடித்து மாற்றினார். போன வருஷம் ஏற்றிய கேஸ் முழுக்க அது வழியாகத்தான் போயிருக்கிறது.

பில் வந்தது. வந்து பார்த்ததற்கு 89 டாலர். லீக் கண்டுபிடித்து வால்வைச் சரிசெய்ததற்கு 150. ஆர்-22 கேஸ் மூன்று பவுண்டு, 330.

"ஒரு பின்னை மாத்த இவ்வளவா? எல்லாம் லைசென்ஸ் வச்சு அடிக்கிற கொள்ளைடா," என்றார் மாமா. நானும் தலையாட்டினேன். ஆனால் பில்லின் அடியில் லைசென்ஸ் எண்ணும், "டெக்சாஸ் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது" என்கிற மாதிரி ஒரு வரியும் இருந்தன. இதை ஏன் அச்சடிக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தவன், 1920களில் போய் நின்றேன்.

வீட்டுக்குள் இருந்த விஷம்

அன்றைய ஃபிரிட்ஜ்களில் ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றுமே விஷம். ராத்திரி லீக் ஆனால் காலையில் ஆள் இருக்க மாட்டார். பெர்லினில் அப்படி ஒரு குடும்பமே இறந்துபோன செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து, லீக் ஆகாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். ஆமாம், அதே ஐன்ஸ்டைன்தான். 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள்.

ஆனால் அதே வருடம் வேறொருவர் ஜெயித்துவிட்டார். தாமஸ் மிட்ஜ்லி, ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர். வேதியியலாளர்கள் கூட்டம் ஒன்றில் மேடை ஏறி, புது கேஸை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதினார். மெழுகுவர்த்தி அணைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். அதுதான் ஃப்ரியான். அக்கா வீட்டு ஆர்-22 அதே குடும்பத்துத் தம்பி.

இதன் பக்கவிளைவைப் பாருங்கள். கேஸ் ஆபத்தில்லை என்றானதும், லீக் பற்றிக் கவலைப்பட யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. ரிப்பேருக்கு வருபவர் முதலில் பழைய கேஸை வெளியே திறந்துவிடுவார், பிறகு புதுசு ஏற்றுவார். அடுத்த அறுபது வருடம் உலகம் முழுக்க இதுதான் வழக்கம். நம்ம தெருவில் அந்த 'ஷ்ஷ்ஷ்' சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

வானத்துக்குப் போன ஆபத்து

1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த கேஸ் எதோடும் வினைபுரியாது என்பதால் அப்படியே மேலே போகும், அங்கே புறஊதா ஒளி பட்டு உடைந்து, குளோரின் வெளியாகி ஓசோனைத் தின்னும் என்றார்கள். தொழில்துறை நம்பவில்லை. 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகா மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை அளந்து காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னாளில் உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற ஒப்பந்தம் அது.

நாடுகள் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் வால்வைத் திறப்பது மந்திரி இல்லையே, மெக்கானிக்தானே? அதனால் சட்டம் அவரைத் தேடி வந்தது. 1992 ஜூலையில் இருந்து அமெரிக்காவில் இந்த கேஸைத் தெரிந்தே காற்றில் திறந்துவிடுவது குற்றம். 1994 நவம்பரில் இருந்து ஏசி ரிப்பேர் செய்பவர் மத்திய அரசின் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் 608ஆம் பிரிவு. சான்றிதழ் இல்லாமல் கேஸை வாங்கவே முடியாது.

ரெண்டு லைசென்ஸ், ரெண்டு வேலை

இங்கேதான் மாமா சொன்ன 'கொள்ளை' எனக்குக் கொஞ்சம் குழம்பியது. ஏனென்றால் லைசென்ஸ் என்று நாங்கள் திட்டியது ஒன்றை இல்லை, இரண்டை.

முதலாவது அந்த 608. முன் அனுபவம் கேட்க மாட்டார்கள். எல்லா வகை மெஷினுக்குமான சான்றிதழுக்கு நான்கு பகுதி, பகுதிக்கு 25 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும். நம்ம காலேஜ் இன்டர்னல்ஸ் இதைவிடக் கஷ்டம்.

இரண்டாவது மாநில ஒப்பந்ததாரர் லைசென்ஸ். டெக்சாஸில் 1980களில் வந்தது. விண்ணப்பக் கட்டணம் 115 டாலர்தான், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் நான்கு வருட அனுபவம் வேண்டும். தேர்வு, இன்சூரன்ஸ் தனி. வரம்பில்லாத 'ஏ' வகைக்கு ஒரு விபத்துக்கு 3 லட்சம் டாலர் காப்பீடு கேட்கிறார்கள். 'பி' வகைக்கு 1 லட்சம் போதும், ஆனால் 25 டன்னுக்கு மேல் குளிர்விக்கும் மெஷினைத் தொடக்கூடாது. (டன் என்றால் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ, அந்த அளவு. ஐஸ் கட்டி விற்ற காலத்துக் கணக்கு. சென்னை ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஐஸ் வந்த காலம்.)

இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பொருளாதார அறிஞர்களின் சண்டை. 1962லேயே மில்டன் ஃப்ரீட்மன், தொழில் லைசென்ஸ் என்பது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் புதுசா வருபவர்களைத் தடுக்கப் போடும் வேலி என்று வாதிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. மாமாவிடம் 150 டாலர் வாங்கிய அந்த ஆளுக்கு நான்கு வருடம் இன்னொருவரின் கீழ் வேலை பார்க்க வசதி இருந்திருக்காது. நியூயார்க், இல்லினாய் மாதிரி மாநிலங்களில் மாநில அளவில் இந்த லைசென்ஸே கிடையாது. ஊருக்கு ஊர் விதி மாறும். அங்கேயும் ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு உறைத்தது இதுதான். நான்கு வருடம் கேட்கும் லைசென்ஸ், பில் கட்டுகிற வாடிக்கையாளரைப் பாதுகாக்கிறது. ஒரு நாளில் எழுதி முடிக்கிற தேர்வு, அந்த அறையிலேயே இல்லாத கோடிக்கணக்கான பேரைப் பாதுகாக்கிறது.

அப்போ அந்த 330?

பில்லில் பாதிக்கு மேல் கேஸ் விலை. அது லைசென்ஸால் வந்தது இல்லை. 2010க்குப் பிறகு ஆர்-22க்காகப் புது மெஷின் செய்யக்கூடாது, 2020 ஜனவரி 1 முதல் அந்த கேஸைப் புதிதாகத் தயாரிக்கவும் கூடாது, இறக்குமதியும் கூடாது என்று அமெரிக்கா படிப்படியாக மூடியது. அதன் பிறகு பழைய மெஷின்களில் இருந்து மீட்டெடுத்ததும், முன்பே கையிருப்பில் இருந்ததும் மட்டும்தான். பற்றாக்குறை தற்செயல் இல்லை, திட்டமிட்டது. விலை ஏறினால்தான் லீக்கைத் தேடுவார்கள். 150 டாலர்காரர் லீக்கைத் தேடவே இல்லை. லைசென்ஸ் ஆள் தேடினார்.

இதையெல்லாம் சொன்னதும் மாமா, "சரிடா, ஆனா கட்டினது நான்தானே?" என்றார். அதுவும் உண்மை. மிட்ஜ்லி காலத்தில் இருந்து யாருமே கட்டாமல் விட்ட பாக்கி, ஒரு சின்ன ஊர்க் குடும்பத்தின் தலையில் ஜூலை மாதம் வந்து விழுகிறது.

அடுத்தது நம்ம முறை. இந்தியாவும் அதே ஒப்பந்தத்தில் 1992இல் இருந்து இருக்கிறது. வளரும் நாடுகளுக்கு ஆர்-22 வகைக்கான கெடு 2030. அதற்குப் பிறகு பழைய மெஷின் சர்வீஸுக்குச் சொட்டு மட்டும்தான் கிடைக்கும். புது ஏசிகளில் வருவது ஆர்-32, சிலவற்றில் ஆர்-290. ஓசோனைத் தொடாதவை. ஆனால் ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கும். ஆர்-290 என்பது புரோப்பேன், நன்றாகவே எரியும். மிட்ஜ்லி ஊதி அணைத்த மெழுகுவர்த்தி திரும்ப எரிய ஆரம்பித்திருக்கிறது.

1920களில் ஆபத்து வீட்டுக்காரருக்கு. பிறகு வானத்துக்கு. இப்போது மூன்றாவது மாடி வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு. 2019இல் வந்த இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. அதை அவருக்குக் கட்டாயம் என்று திணிப்பதைவிட, அவர் கையில் கிடைக்கச் செய்வதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நான்கு வருட வேலி வேண்டாம், அந்த ஒரு நாள் தேர்வு வேண்டும்.

அடுத்த முறை உங்கள் வீட்டு ஏசிக்கு ஆள் வந்தால் ரெண்டு கேள்வி கேளுங்கள். "அண்ணா, லீக் எங்கன்னு பாத்தீங்களா?" "இது எந்த கேஸ்?" முதல் கேள்வி உங்கள் காசுக்கு. ரெண்டாவது அவர் உயிருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.