பொது மணியும் பொது நேரமும்: புதுச்சேரி மணிக்கூண்டுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுச்சேரியின் குபேர் அங்காடியில், ஊர்வழக்கில் சொன்னால் பெரிய மார்க்கெட்டில், நிற்கும் மணிக்கூண்டும், சின்ன மணிக்கூண்டு என்று மக்கள் குறிப்பிடும் மற்றொன்றும், கருவடிக்குப்பத்தை அடுத்த முத்தியால்பேட்டையின் மணிக்கூண்டும் இன்று பெரிதும் வழிசொல்ல உதவும் அடையாளங்களாகவே அறியப்படுகின்றன. இத்தகைய கடிகாரங்களைப் பற்றிய கருத்துகள் இரண்டு நிலைகளில் அடங்கிவிடுகின்றன. காலனிய ஆட்சி மக்களைத் தன் ஒழுங்குக்குள் கொண்டுவரக் கையாண்ட கருவி என்பது ஒரு நிலை. கைக்கடிகாரமும் கைப்பேசியும் வந்தபின் பயனிழந்த அழகுப்பொருள் என்பது மற்றொரு நிலை. நேரத்தைக் கணிக்கும் வழிகள் முன்பே நிலைபெற்றிருந்த ஓர் ஊருக்குப் பொதுக் கடிகாரம் புதிதாக எதைத் தந்தது என்ற கேள்வியை இவ்விரு நிலைகளும் எழுப்புவதில்லை. அது தந்தது துல்லியம் அன்று, எவரும் நிமிர்ந்து பார்த்துச் சரிபார்க்கவும் மறுக்கவும் கூடிய நேரமே அதன் கொடை என்பது இக்கட்டுரையின் வாதம்.

துல்லியத்துக்காக இவ்வூர் எந்திரக் கடிகாரத்தை எதிர்பார்த்திருக்கவில்லை என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பதிவே சான்று. சூரிய வட்டத்தின் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்து செல்வதைக் காண 1768-இல் புதுச்சேரிக்கு வந்த வானியலாளர் லெ ழாந்தி, 1769 ஜூன் மாதத்தில் மேகம் மறைத்ததால் அதைக் காண இயலாது போனார். எனினும் இங்குத் தங்கியிருந்த காலத்தில் தமிழ்க் கணியர்களின் முறைகளைக் கற்று எழுதிவைத்தார். 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறைப்படி கணித்தபோது விடை 41 விநாடி குறைந்ததாகவும், அன்றைய ஐரோப்பாவில் உயர்வாக மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைகள் தந்த விடை 68 விநாடி மிகுந்ததாகவும் அவர் குறித்துள்ளார். பின்னர் 1825-இல் 'கால சங்கலித' நூலை வெளியிட்ட ஜான் வாரன், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணியர் ஒருவர், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டும் தரையில் பரப்பிய சோழிகளைக் கொண்டும் அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தார். இம்முறை தொடக்க நேரத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. எனவே இம்மரபை மிகைப்படுத்துவதற்கும் இடமில்லை. இவ்விரு சான்றுகளும் சேர்ந்து உணர்த்துவது, நேரக் கணிப்பு கற்றறிந்த சிலரின் நினைவில் பாதுகாக்கப்பட்டது என்பதும், நாளை 60 நாழிகைகளாக, அதாவது ஒவ்வொன்றும் 24 நிமிடம் கொண்ட பகுதிகளாகப் பகுத்த அக்கணக்கைப் பிறர் கணியரிடம் கேட்டே அறிந்தனர் என்பதும் ஆகும்.

ஒலியால் அறியப்பட்ட நேரமும் இவ்வாறே பங்கிடப்பட்டிருந்தது. கோயில் மணியும், மாதா கோயில் மணியும், பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் அவ்வச் சமூகத்தாரின் நாளை வகுத்தன. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு அலுவலகங்களும் மேற்கே தமிழர் வீதிகளுமாகப் பிரிந்து கிடந்த நகரத்தில், வாய்க்காலுக்கு மேற்கே, எல்லாச் சமூகத்தாரும் விற்கவும் வாங்கவும் கூடும் சந்தையில் மணிக்கூண்டு அமைந்தது என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தி அன்று. எந்த வழிபாட்டையும் சாராத மணியோசை ஒன்று, கடைக்காரருக்கும் கூலியாளுக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே அளவில் கேட்கும் நிலை இதனால் உருவாயிற்று.

அத்தகைய கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடியிருக்க முடியும் என்பதை இயற்பியலே வரையறுக்கிறது. கோபுரக் கடிகாரங்களின் மரபான அமைப்பில், கயிற்றில் தொங்கும் பளு கீழிறங்கும் விசையால் பற்சக்கரங்கள் சுழல, ஊசல் தன் ஒவ்வோர் அசைவிலும் ஒரு பல்லை மட்டும் விடுவித்து அச்சுழற்சியை அளவிடுகிறது. பளு இறங்குவதற்கு இடம் வேண்டியிருப்பதும், ஓசை தொலைவு செல்ல வேண்டியிருப்பதும் கோபுரத்தின் உயரத்துக்குக் காரணங்களாகும். ஊசலின் தண்டு இரும்பாக இருப்பின், வெப்பநிலை 10 பாகை உயரும்போது அது நீண்டு, கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 விநாடி பின்தங்கும். கடற்கரை நகரின் உப்புக்காற்று சக்கரங்களை அரிப்பது தனிச்சிக்கல். ஆகவே சாவி கொடுத்து, எண்ணெயிட்டு, முள்ளைத் திருத்தும் ஒருவரின் இடைவிடாத உழைப்பின்றி எந்த மணிக்கூண்டும் நம்பத்தக்கதாக இருந்ததில்லை.

திருத்துவது என்றால் எந்த நேரத்துக்குத் திருத்துவது என்ற வினா உடன் எழுகிறது. புதுச்சேரியில் சூரியன் உச்சியை அடையும் நேரம், இன்றைய இந்தியத் திட்ட நேரப்படி, பருவத்துக்கேற்ப முற்பகல் 11.54-க்கும் பிற்பகல் 12.25-க்கும் இடையே மாறுகிறது. ஆண்டுச் சராசரியில் அது 12 மணிக்கு ஏறத்தாழ 11 நிமிடம் பின்னது. சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்த சென்னை நேரத்துக்கும் புதுச்சேரியின் தல நேரத்துக்கும் இடையே 2 நிமிட அளவே வேறுபாடு உண்டு. 1879-இல் விழுப்புரத்திலிருந்து இருப்புப்பாதை வந்தபோது, ரயில்வேயின் சென்னை நேரமும் உடன் வந்தது. வேறுபாடு சிறிது என்பதால் அது இங்குப் பெரும் பூசலாக வெடிக்கவில்லை என்று கருதலாம். வேறுபாடு அரை மணி அளவாக இருந்த பம்பாயில் நிலைமை வேறு. அங்கு 1881-இல் அரசு சென்னை நேரத்தைப் புகுத்த முயன்றபோது நகரத்தார் எதிர்த்தனர். 1878-இல் கட்டி முடிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரக் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்ட வேண்டும் என்ற சச்சரவு, அதற்கு இரவில் விளக்கேற்றும் செலவை யார் ஏற்பது என்பது வரை நீண்டது. பொதுக் கடிகாரம் அதிகாரத்தின் கருவியாக அமைக்கப்பட்டாலும், பொதுவெளியில் நிற்பதாலேயே அது அதிகாரத்தோடு வழக்காடும் களமாகவும் மாறக்கூடும் என்பதை இந்நிகழ்வு மெய்ப்பிக்கிறது.

அதிகாரம் அறிவிக்கும் நேரத்துக்கும் எவரும் சரிபார்க்கக்கூடிய நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டின் கூர்மையைப் புதுச்சேரியின் ஆலை வரலாறு காட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய பஞ்சாலைகளில் வேலைநாளின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவித்தது ஆலைச் சங்கு. ஆலைக்கு உரியவரே ஊதும் அச்சங்கு தொழிலாளியின் நேரத்தை அளந்ததே தவிர, தான் அளந்ததைச் சரிபார்க்க அவருக்கு வழிதரவில்லை. 1936 ஜூலை 30-இல் 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த போராட்டத்தின் தொடர்ச்சியாகப் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. வேலைநாளுக்கு மணிக்கணக்கில் எல்லை வகுக்கும் சட்டம், இரு தரப்பும் ஏற்கும் அளவை ஒன்று ஆலை மதிலுக்கு வெளியே இருக்கும்போதே நடைமுறையில் பொருள்படும். மணிக்கூண்டே அந்த உரிமையைப் பெற்றுத்தந்தது என்று இதனால் கொள்ளலாகாது. அதைப் பெற்றுத்தந்தவர்கள் தொழிலாளர்களே. ஆனால் மணிக்கூண்டின் நேரம் சங்கின் நேரத்திலிருந்து தன்மையிலேயே வேறானது என்பது தெளிவு.

கைப்பேசி ஒவ்வொருவருக்கும் பிழையற்ற நேரத்தைத் தருவதால் இவ்வாதம் பழங்கதையாகிவிட்டது எனலாம். தனிமனிதத் தேவையைப் பொறுத்தவரை அது உண்மையே. எனினும், ஒருவர் கையில் ஒளிரும் எண்ணும், ஒரு கூட்டம் ஒன்றாகக் கேட்கும் மணியோசையும் ஒரே பணியைச் செய்வதில்லை. பின்னது, நேரத்தோடு, அந்நேரத்தைப் பிறரும் அறிவர் என்ற உறுதியையும் தருகிறது. அத்தகைய மணியை ஒரு நகரம் தனதாக்கிக்கொள்வதற்கு எடுத்துக்காட்டும் உண்டு. 1875-இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக எழுந்த யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம், போரில் சேதமுற்ற பின்னர் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. எந்த மன்னர் குடும்பத்தின் பெயரால் கட்டப்பட்டதென்பதைக் கடந்து, அக்கோபுரம் நகரத்தின் பொதுவாழ்வுக்கு உரியதாகிவிட்டதையே இப்புதுப்பிப்பு காட்டுகிறது.

குபேர் அங்காடியைச் சீரமைப்பது பற்றி அரசும் வணிகர்களும் அண்மைக்காலத்தில் முரண்பட்டு வந்துள்ள சூழலில், இவ்வாதத்துக்கு நடைமுறைப் பொருளும் உண்டு. கோபுரத்தை மட்டும் வெள்ளையடித்துக் காத்து, கடிகாரத்தை நின்றுபோக விடுவது மரபுப் பாதுகாப்பு ஆகாது. காக்கப்பட வேண்டியது சுவரை விட அதன் பணி. முள்ளைத் திருத்தும் பொறுப்பாளர், பராமரிப்புக்கு நகராட்சி ஒதுக்கும் ஆண்டு நிதி, பிழை நேரும்போது முறையிட ஓர் இடம் ஆகிய மூன்றும் உறுதிசெய்யப்பட்டால் மட்டுமே மணிக்கூண்டு நகரத்தின் உடைமை என்ற சொல்லுக்கு உரியதாகும்.