இப்னு ஃபிர்னாஸும் மறந்துபோன வாலும்

மீலாது மேடைகளிலும் கல்லூரி ஆண்டு மலர்களிலும் ஒரு செய்தி அடிக்கடி இடம்பெறுகிறது. உலகின் முதல் பாராசூட்டைச் செய்தவர் ஒரு முஸ்லிம் என்பதே அது. கி.பி. 852இல் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், மரச்சட்டங்கள் பொருத்திய அங்கியை விரித்துக்கொண்டு குர்துபாப் பெரிய பள்ளிவாசலின் மினாராவிலிருந்து குதித்தார், சிறு காயங்களோடு தப்பினார் என்று சொல்லப்படுகிறது. 2006ஆம் ஆண்டில் லண்டன் நாளேடு ஒன்றும் இவ்வாறே எழுதியது. “ஆங்கிலேயரே ஒப்புக்கொண்டுவிட்டனர்” என்னும் மகிழ்ச்சியும் அதன்பின் சேர்ந்துகொண்டது.

ஒரு நபிமொழியை ஏற்பதற்கு முன் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்ட சமுதாயம் நாம். இந்தச் செய்திக்கு இஸ்னாத் என்ன என்று கேட்பது நம் முன்னோருக்கு இழுக்காகாது. கேளாமல் இருப்பதே இழுக்கு.

இப்னு ஃபிர்னாஸ் கற்பனை மனிதர் அல்லர். தென் ஸ்பெயினின் ரோந்தாப் பகுதியைச் சேர்ந்த பெர்பர் குடியில் பிறந்து, குர்துபாவின் மூன்று அமீர்களின் காலத்தில் வாழ்ந்து, 887இல் மறைந்தார். கவிஞர், வானியலாளர், கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையைக் கண்டவர் என்றும், நீர்க்கடிகாரம் அமைத்தவர் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர் பறக்க முயன்றதை விரிவாகச் சொல்லும் நூல்களில் அதிகம் எடுத்தாளப்படுவது அல்-மக்கரீயின் ‘நஃப்ஹுத் தீப்’. அல்-மக்கரீ மறைந்தது 1632இல். இருவருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. எனினும் அவர் பழைய ஏடுகளைத் தொகுத்து எழுதியவர். அத்துடன் இப்னு ஃபிர்னாஸின் சமகாலக் கவிஞர் முஃமின் இப்னு ஸஈத், கழுகின் இறகு தரித்துப் பறந்த அவரைப் பற்றிப் பாடிய அடியும் நமக்குக் கிடைத்திருக்கிறது. இந்தக் கவிஞர் அவருடைய நண்பர் அல்லர். அவரை எள்ளி நகையாடியவர். வேண்டாதவரின் வாய்ச்சாட்சியம் ஆதலால் அதன் மதிப்புக் கூடுகிறது. ஆகவே அவர் ஏதோ ஒரு வகையில் பறக்க முயன்றார் என்பதை ஏற்கலாம்.

ஆனால் அல்-மக்கரீயிடம் அங்கி இல்லை, மினாரா இல்லை, 852 என்ற ஆண்டும் இல்லை. உடலை இறகுகளால் மூடி, இரு சிறகுகள் பொருத்திக் கொஞ்ச தூரம் காற்றில் சென்றார் என்பதே அங்குள்ளது. மேலைநாட்டு வெகுசன நூல்களில் ‘ஆர்மன் ஃபிர்மன்’ என்று ஒருவர் வருகிறார்; அங்கிக் கதை முதலில் அவர்மீது ஏற்றப்பட்டது. அந்தப் பெயர் ‘அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ்’ என்பதன் சிதைவாகவே தோன்றுகிறது. ஒருவர் இருவராகி, பின்னர் இருவரின் கதைகளும் ஒருவரிடமே திரும்பி வந்து, ஒரு மனிதர் இருமுறை குதித்தார் என்று முடிந்துவிட்டது. குர்துபாவில் இன்று மணிக்கூண்டுக்குள் பொதிந்திருக்கும் உயரமான மினாராவைச் சிலர் சுட்டிக்காட்டுவதுண்டு. அதை மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பியது 951இல்; இப்னு ஃபிர்னாஸ் இறந்து அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அங்கியால் ஒருவர் காற்றில் மிதந்து இறங்க முடியுமா என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். விமானிகள் நெடுங்காலம் பயன்படுத்திய வட்டப் பாராசூட்டின் விட்டம் 28 அடி. அவ்வளவு துணி இருந்தும் வினாடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வேகத்தில்தான் மனிதன் தரையைத் தொடுகிறான். ஆளுயரச் சுவரிலிருந்து குதிப்பதற்கு அது சமம். நான்கு சதுர மீட்டர் அங்கியோ 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவரை மணிக்கு 50 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் தரையில் மோதவிடும். 1912 பிப்ரவரி 4 அன்று பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்னும் தையற்காரர், தாமே தைத்த பாராசூட் அங்கியை அணிந்து ஐஃபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, 57 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். படம்பிடிப்போர் முன்னிலையில் அங்கேயே உயிரிழந்தார்.

இத்தனையும் சொல்வது இப்னு ஃபிர்னாஸைச் சிறுமைப்படுத்த அன்று. பெருமைக் கதையைத் தேடிப் போனதில், மூல நூலில் உள்ள உண்மையான செல்வத்தை நாம் பார்க்கத் தவறினோம் என்பதே என் ஆதங்கம். அல்-மக்கரீ வெற்றியோடு நிறுத்தவில்லை. இறங்கும்போது இப்னு ஃபிர்னாஸ் பின்புறத்தில் அடிபட்டார் என்றும், பறவை இறங்கும்போது வாலை ஊன்றியே இறங்குகிறது என்பதை அவர் அறியாமல் வால் செய்யத் தவறிவிட்டார் என்றும் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறார். விபத்தும் அதன் காரணமும் ஒரே மூச்சில் பதிவாகிவிட்டன. வானிலிருந்து குதிப்போரின் உலகில் இதற்கு இணையான மதிப்புள்ள வாக்கியம் வேறில்லை.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்தில் மால்மெஸ்பரி மடத்துத் துறவி ஐல்மர், சிறகு கட்டிக் கோபுரத்திலிருந்து பறந்து இரு கால்களையும் முறித்துக்கொண்டார். தாம் வால் வைக்க மறந்ததே காரணம் என்று அவரும் சொன்னதாக அந்த மடத்து வரலாற்றாசிரியர் வில்லியம் எழுதுகிறார். இரண்டையும் லின் ஒயிட் என்னும் ஆய்வாளர் 1961இல் அடுத்தடுத்து வைத்து ஆராய்ந்தார்.

மூன்றாமவர் நம் அகராதி மரபின் பேரறிஞர். ‘அஸ்-ஸிஹாஹ்’ என்னும் அரபு அகராதியைத் தந்த இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்-ஜவ்ஹரீ, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதியில், மனக்கலக்கமுற்ற நிலையில், நைசாபூர்ப் பள்ளிவாசலின் கூரைமீது ஏறினார். இரண்டு கதவுப் பலகைகளைக் கயிற்றால் உடலில் பிணைத்துக்கொண்டு பாய்ந்து உயிரிழந்தார் என்று யாகூத் அல்-ஹமவீ பதிவு செய்கிறார். அகராதியின் செம்பிரதி ‘ளாத்’ எழுத்துவரைதான் முடிந்திருந்தது. எஞ்சிய பகுதியை மாணவர் அல்-வர்ராக் கரட்டுப் பிரதியிலிருந்து எழுதியதால் பிழைகள் நேர்ந்தன என்பதும் அங்கேயே உள்ளது. அகராதியைப் புரட்டும் மாணவர் எத்தனை பேருக்கு அந்தப் பிழைகளின் பின்னால் ஒரு வீழ்ச்சி இருப்பது தெரியும்?

பாராசூட்டின் வரலாறும் தரையிறங்கும் துன்பத்தின் வரலாறாகவே நகர்ந்திருக்கிறது. 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிய ஆந்த்ரே-ழாக் கார்னெரின், கடுமையாக ஊசலாடியபடியே தரைசேர்ந்தார். உச்சியில் ஒரு துளை இட்டால் ஊசல் தணியும் என்பது பின்னர் விளங்கிற்று. 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, தாமே கயிறு இழுத்து முதுகுப்பையிலிருந்து குடையை விரித்தார். இன்றைய சாதனங்கள் அனைத்துக்கும் மூதாதை அந்தப் பைதான். குடை கச்சிதமாக விரிந்தது. ஆனால் தரையிறங்கும்போது இர்வினின் கணுக்கால் முறிந்தது.

பிறகு 1960களில் டொமினா ஜால்பெர்ட் உருவாக்கிய ‘பாராஃபாயில்’ வந்தது. துணி அறைகளுக்குள் காற்றுப் புகுந்து உப்பி, குடை ஒரு சிறகாகவே மாறியது. விளையாட்டாகக் குதிப்போர் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது இந்தச் செவ்வகச் சிறகைத்தான். இதன் பின் விளிம்புக்குக் குதிப்போர் வழங்கும் பெயர் ‘வால்’. வாலின் இரு பக்கத்துக் கயிறுகளும் இரு கைப்பிடிகளில் முடிகின்றன. தரை நெருங்கும்போது இரு கைப்பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுத்தால் வால் தாழ்கிறது. முன்னோக்கிய வேகமும் இறங்கு வேகமும் அடங்கி, குதித்தவர் நடந்து வருபவர்போல் நிலத்தில் கால் வைக்கிறார். முன்கூட்டி இழுத்தால் உயரத்திலேயே சிறகு தளர்ந்து ஆளைப் போட்டுவிடும். தாமதித்தால் கால் முறியும். பறவை வாலை விரித்துத் தாழ்த்தி உடலை நிமிர்த்தி வேகத்தைக் கொல்லும் அதே வித்தைதான் இது.

குதிப்போரின் அன்றாடம் பெரும்பாலும் தரையிலேயே கழிகிறது. கூடத்தின் தரைவிரிப்பில் மண்டியிட்டுத் தம் குடையைத் தாமே மடித்துப் பையில் அடக்குகிறார்கள். முதுகிலுள்ள இரண்டாவது குடையான அவசரக் குடையை மட்டும் அவர்கள் தொடுவதில்லை. அமெரிக்காவில் உரிமம் பெற்ற கைவினைஞர் 180 நாட்களுக்கு ஒருமுறை அதை மடித்து, சிவப்பு நூலில் ஈய முத்திரை இட்டு, அட்டையில் தேதியும் கையொப்பமும் பதிக்க வேண்டும். 2008 வரை இக்கெடு 120 நாட்களாக இருந்தது. முதற்குடை சிக்கிக்கொண்டால் அதை ஒரே இழுப்பில் கழற்றிவிட பில் பூத் 1970களில் அமைத்த மூவளையப் பூட்டு உதவுகிறது. மயங்கியோ குழம்பியோ கயிறு இழுக்காதவருக்காக, 1991இல் ஜெர்மனியிலிருந்து வந்த ‘சைப்ரஸ்’ என்னும் சிறு கருவி இருக்கிறது. தரைக்கு மேல் ஏறத்தாழ 225 மீட்டரில், வினாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தால் அது தானாகவே அவசரக் குடையை விடுவிக்கிறது. விமானம் ஏறுமுன் ஒருவர் முதுகை மற்றவர் சோதித்து, ஊசி சரியாக நிற்கிறதா, கைப்பிடிகள் இடத்தில் உள்ளனவா என்று பார்ப்பது வழக்கம். ஆயிரம் முறை குதித்தவரும் புதியவரிடம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

இவற்றின் பயன் கண்கூடு. அமெரிக்காவில் 1970களில் ஆண்டுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இவ்விளையாட்டில் இறந்தனர். 2021இல் முப்பத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட குதிப்புகளில் இறந்தோர் 10 பேர். ஆனால் இன்றைய மரணங்களில் கணிசமானவை, குடை பழுதின்றி விரிந்த பிறகு தரையிறங்கும் இடத்தில் நேர்பவை. வேகமான சிறிய சிறகை விரும்பித் தேர்ந்து, தரைக்கு அருகில் கூர்மையாகத் திருப்பியவர்கள் அவர்களில் பலர். சாதனத்தால் தடுக்க முடியாத இடம் அது.

அந்நாட்டுப் பாராசூட் சங்கம் ஆண்டுதோறும் மரண விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வெளியிடுகிறது. அவற்றில் இறந்தவரின் பெயர் இராது. அவர் எத்தனை முறை குதித்தவர், சிறகின் அளவு என்ன, எந்த உயரத்தில் என்ன செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்பவை இருக்கும். குர்துபாவில் வால் செய்யத் தவறியவரைப் பற்றி அல்-மக்கரீ எழுதிவைத்ததும் இந்த வகைக் குறிப்புதான். அதில் பெயர் இருக்கிறது என்பதே வேறுபாடு.