தூசும் மூச்சும்

இரத்மலானையில் எம் பாடசாலை வாயிலில் நின்று நோக்கினால் நரைத்த அஸ்பெஸ்டஸ் கூரைகள் வரிசையாகத் தெரியும். மலிவாய் நிழல் தரும் அத்தகட்டுக்குத் துயரமானதொரு வரலாறுண்டு.

கல் தச்சரின் இருமலுக்கு அவர்கள் சுவாசிக்கும் கல்லின் தூளே காரணமென 1700ஆம் ஆண்டிலேயே எழுதினார் இத்தாலிய மருத்துவர் இரமசீனி. 1924இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில், அஸ்பெஸ்டஸ் நார் நூற்ற நெல்லி கேர்சோ என்னும் பெண் 33 வயதில் மாண்டார். அவருடைய சுவாசப்பைகளில் அந்நாரின் துகள்களை மருத்துவர் குக் கண்டார். 1931இல் பிரித்தானியா ஆலைத் தூசைக் கட்டுப்படுத்த விதிகள் வகுத்தது. இலங்கையிலும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசகற்றலுக்கு விதி செய்தது.

அறிந்திருந்தும் நோய் ஏன் நிற்கவில்லை? இந்நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது, சுவாசப்பையிற் கரையாது, அங்கே தழும்பையும், சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்க இருபது, முப்பது ஆண்டுகள் எடுக்கும். இளமையில் உழைத்தவர் முதுமையில் மூச்சுக்குத் தவிக்கையில், பழைய ஆலையை யார் நினைப்பார்?

2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த எம் அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், அந்நாரை விற்கும் இரசியா, பொதியில் வண்டொன்று காணப்பட்டதெனக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. எம் அரசு தன் தீர்மானத்தை ஒத்திவைத்தது. தேயிலை மீண்டும் கப்பலேறிற்று. கொழுந்து பறிப்போரின் பிழைப்பும் கூரை வேய்வோரின் மூச்சும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

சட்டம் தாமதிக்கலாம், நாம் தாமதிக்கலாகாது. பழந்தகட்டை உலர்ந்தபடி அறுக்கவோ உடைக்கவோ விடாதீர்கள். நீரால் நனைத்த பின்னரே கழற்றச் செய்யுங்கள். கூரையேறும் தொழிலாளியின் மூச்சும் எம் பொறுப்பென எண்ணுவோமாக.