ம்புனா மீன்தொட்டி

ம்புனா என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளை ஒட்டி வாழும் சிக்லிட் மீன்களின் பொதுப்பெயர். பளிச்சிடும் மஞ்சள், நீல நிறங்களுக்காக இவை வீடுகளில் வளர்க்கப்படுகின்றன.

நீர்: ஏரியின் நீர் கடினமானது, காரத்தன்மை உடையது. தொட்டியிலும் பி.எச். 7.8 முதல் 8.6 வரையும் வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையும் இருப்பது ஏற்றது. சுண்ணாம்புக்கல், பவளமணல் ஆகியவை காரத்தன்மை குறையாமல் காக்கும். மீன்களை விடுவதற்கு முன், கழிவிலுள்ள அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

அமைப்பு: குறைந்தது 200 லிட்டர் கொள்ளளவுள்ள நீளமான தொட்டி தேவை. இம்மீன்கள் மணலைத் தோண்டும்; எனவே பாறைகளை முதலில் அடித்தளத்தில் உறுதியாக அடுக்கி, பிறகே மணல் இட வேண்டும். பாறை இடுக்குகள் பதுங்கிடமாகும்.

இயல்பு: ஆண் மீன்கள் எல்லை வகுத்துச் சண்டையிடும். ஓர் ஆணுக்குப் பல பெண் மீன்கள் என வளர்த்தால், துரத்தல் ஒன்றின்மீதே குவியாது. பெண் மீன் முட்டைகளை ஏறத்தாழ மூன்று வாரம் வாயிலேயே அடைகாக்கும்.

உணவு: பெரும்பாலானவை பாறைப்பாசியை மேய்பவை. புரதம் மிகுந்த இறைச்சி உணவு வயிற்று வீக்கத்துக்கு வழிவகுக்கலாம். ஸ்பைருலினா கலந்த தாவர உணவே உகந்தது.