உபகாரமா, ஊதியமா?

தமிழக ஆசிரியர்-அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் போராட்டப் பந்தல்களில் பல ஆண்டுகள் ஒலித்த முழக்கம் ‘பழைய ஓய்வூதியம் வேண்டும்’. பந்தலைத் தாண்டி டீக்கடைக்கு வந்தால் அதுவே பென்ஷன். லத்தீனில் எடைபோடுவதைக் குறித்த வினையிலிருந்து வந்த சொல் அது. காசை நிறுத்துக் கொடுத்த காலத்தின் மிச்சம்.

ஒரு காலத்தில் தமிழில் இதை ‘உபகாரச் சம்பளம்’ என்றார்கள். மாணவருக்குக் கிடைக்கும் படிப்பு உதவிக்கும் அதே பெயர்தான். கொடுப்பவர் பெரிய மனதோடு கொடுக்கிறார் என்ற தொனி அதில் உண்டு. 1982 டிசம்பர் 17-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்தது இந்தத் தொனியைத்தான்: ஓய்வூதியம் கருணைத்தொகை அல்ல, முன்பு செய்த பணிக்கான உரிமை. அந்த நாளே இன்று ஓய்வூதியர் நாள்.

‘ஓய்வூதியம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘ஊதியம்’ குறளில் ஆதாயம், பேறு. இன்று சம்பளமாகச் சுருங்கிவிட்டது. ‘ஓய்வு’ என்பதில் மழை ஓய்வதும் உண்டு, உடல் ஓய்ந்துபோவதும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியரை யாழ்ப்பாணத்தார் ‘இளைப்பாறிய ஆசிரியர்’ என்பார்கள். அழகான வழக்கு, தமிழகம் கடன் வாங்கலாம்.

சிக்கல் ‘பங்களிப்பு ஓய்வூதியம்’ என்ற தொடரில். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்த திட்டம் இது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடித்தம். அதே அளவு அரசும் போட்டது. ஓய்வுக்குப் பின் மாதம் இவ்வளவு என்ற உறுதி அதில் இருக்கவில்லை. அதற்கு ‘பங்களிப்புச் சேமிப்பு’ என்பதே நேர்மையான பெயர்.