வால்வு வானொலியும் நம் இல்லங்களும்

அறிவியல் வரலாறு என்பது ஆய்வுக்கூடங்களின் வரலாறு மட்டுமன்று. ஒரு கருவி எந்த வீடுகளுள் புகுந்தது, அங்கே எவ்விடத்தில் அமர்ந்தது, யாருடைய குரலைக் கொணர்ந்தது என்பவையும் வரலாறே ஆகும். பிழைப்பை நாடி அன்றைய பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில், உயரமான பலகையின் மேல், பூவேலைத் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்த வால்வு வானொலிப் பெட்டி அத்தகைய வரலாற்றுச் சான்றாகும். இன்று அது பரணிலோ பழைய பொருள் வாங்குவோரின் தராசிலோ கிடக்கிறது. அதனை மீண்டும் பேசவைக்க இயலுமா, எவ்வாறு இயலும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

வால்வின் பிறப்பு

காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழலுள் சூடேறிய முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு எதிரேயுள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. அவை ஒரே திசையில் பாயும் இயல்பினைப் பயன்படுத்தி 1904ஆம் ஆண்டில் பிளெமிங் இருமுனை வால்வினை அமைத்தார். 1906இல் லீ டி பாரஸ்ட் இடையே ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். குழாயின் திருகு சிறிது அசைந்தால் நீர்ப்பெருக்கு மாறுவது போல, அவ்வலையில் தோன்றும் சிறு மின்மாற்றம் பெரியதொரு மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. மெல்லிய அலையைப் பெருக்கும் கலை இவ்வாறு பிறந்தது. 1918இல் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த சூப்பர்ஹெட் முறையே பிற்காலத்து வீட்டுப் பெட்டிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

நம் நாட்டிலும் இக்கலை விரைந்து வேரூன்றியது. இந்திய ஒலிபரப்புக் குழுமம் 1927 ஜூலையில் பம்பாயில் நிலையம் திறப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1924இல், சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. பொருள் முடையால் அக்கழகம் 1927இல் ஓய்ந்தது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1936இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் வந்தது. 1938 ஜூன் 16ஆம் நாள் சென்னை நிலையமும், 1939 மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி நிலையமும் தோன்றின.

இரவில் வந்த தமிழ்

வெளிமாநிலத் தமிழர் வானொலி கேட்டது பெரும்பாலும் இரவில்தான். அதற்கு இயற்கையே காரணம். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். அப்போது நிலத்தையொட்டிச் செல்லும் அலைகளே கேட்கும். கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துவிட, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். எனவே பகலெல்லாம் வேற்றுமொழி கேட்ட காதுகளுக்கு, விளக்கேற்றிய பின்னரே தென்னாட்டு நிலையங்களின் குரல் எட்டியது.

1952 முதல் கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில் அகில இந்திய வானொலியில் திரையிசை ஒதுக்கப்பட்டது; நேயர்கள் சிற்றலையில் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித்பாரதி தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். தில்லியிலிருந்து ஒலித்த தமிழ்ச் செய்தியோ நாட்டின் எந்த மூலையில் இருந்த தமிழரையும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கேட்கச் செய்தது. இந்த இன்பத்திற்காக ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய தலைமுறை அது.

செப்பனிடும் முறை

பழைய பெட்டி கிடைத்தவுடன் மின்னிணைப்புக் கொடுத்துப் பார்ப்பது பெருந்தவறு. பல ஆண்டுகள் உறங்கிய மின்தேக்கிகள் பழுதுற்றிருக்கும். இணைத்த கணத்தில் மின்மாற்றியே கருகிவிடக்கூடும். முதலில் தூசு நீக்கி, ரப்பர் உறை பொடிந்த கம்பிகளை மாற்றுதல் வேண்டும். பின்னர் 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்த்து மின்சாரம் தருதல் வேண்டும். பல்பு ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் நன்று. முழு ஒளியுடன் நிலைத்து நின்றால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது என்பது பொருள்.

பெரும்பாலும் குற்றவாளி வால்வு அன்று, மின்தேக்கியே. மெழுகுக் காகித மின்தேக்கிகள் ஈரமேறிக் கசியும். அவற்றுள் வெளியீட்டு வால்வின் வலைக்குச் செல்லும் மின்தேக்கி மிக முதன்மையானது. அது கசிந்தால் வலையில் நேர்மின்னழுத்தம் ஏறி, வால்வு அளவு மீறிச் சூடேறி அழியும். ஆகவே அதனைச் சோதித்துக்கொண்டிராமல் பாலியெஸ்டர் வகையால் மாற்றிவிடுதலே முறை. உலர்ந்துபோன எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கிகளையும் மாற்றினால் இரைச்சல் அடங்கும். பெட்டியுள் ஏறத்தாழ 250 வோல்ட் உயரழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் அது தங்கியிருக்கும். அதனை வடித்த பிறகே கைவைத்தல் வேண்டும்.

ECH என்று ஆங்கில எழுத்தில் பொறிக்கப்படும் இ.சி.எச். 81, இ.எல். 84 முதலிய வால்வுகளைப் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் தயாரித்தது. மும்பையின் லாமிங்டன் சாலை, தில்லியின் லஜ்பத்ராய் சந்தை, சென்னையின் ரிச்சித் தெரு ஆகியவை உதிரிப்பொருள் தேடுவோர் அறிந்த இடங்கள்.

புதுமைக்கு எல்லை

பெட்டியின் உட்புறத்தை முழுதும் எறிந்துவிட்டு, புதிய ஒலிப்பலகை ஒன்றைப் பொருத்துவோர் இன்று பெருகியுள்ளனர். அது கோயிலின் கோபுரத்தை மட்டும் நிறுத்திவிட்டுக் கருவறையை இடிப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் பழமையை அப்படியே காத்தாலும் ஓர் இடர் உண்டு. மத்திய அலை ஒலிபரப்பிகள் பல மூடப்பட்டுவிட்டன. செம்மையாகச் செப்பனிட்ட பெட்டியும் வெறும் இரைச்சலையே தரக்கூடும். இதற்கு நடுவழி ஒன்றுள்ளது. பல பெட்டிகளின் பின்புறத்தில் இசைத்தட்டுக் கருவிக்கென ஒரு துளை உண்டு. பிரிப்பு மின்மாற்றி ஒன்றின் வழியாகக் கைப்பேசியின் ஒலியை அதனுள் செலுத்தினால், வால்வும் ஒலிபெருக்கியும் பழையபடியே பணிபுரியும். உருகி ஒன்றைச் சேர்ப்பதும் குற்றமாகாது. ஆனால் மின்மாற்றியின்றி நேர்மின்சாரத்திலும் இயங்கிய யு.சி.எச்., யு.எல். வகை வால்வுப் பெட்டிகளில் இரும்புச் சட்டமே மின்னேறியிருக்கும். அவற்றில் வெளிக்கருவி எதனையும் இணைத்தல் உயிருக்கு ஊறு. தேர்ந்த தொழிலாளியிடமே அவற்றை ஒப்படைத்தல் வேண்டும்.

பெட்டியைப் புதுப்பிப்போர் மற்றொன்றும் செய்தல் நலம். அது எந்த ஆண்டில், எந்த ஊரில், எத்தனை மாத ஊதியத்தில் வாங்கப்பட்டது, எந்த நிகழ்ச்சிக்காக அண்டை வீட்டார் வந்து அமர்ந்தனர் என்பவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு, தமிழிலேயே எழுதி, பின்பலகையின் உட்புறத்தில் ஒட்டிவைக்கலாம். உரிமப் புத்தகம் இருப்பின் அதனையும் சேர்க்கலாம். மின்தேக்கி எந்நாளும் கடையில் கிடைக்கும். அம்முதியோரின் நினைவு அவ்வாறு கிடைப்பதன்று. நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு விழாவில் இத்தகைய பெட்டிகளை ஒரு மேசையில் வரிசையாக வைத்து, அவற்றின் கதையை இளையோர் வாயால் சொல்லச்செய்தல் நம்மால் இயலக்கூடியதே.